காயம் கட்டிய கைகள்: பேராக் தோட்டப்புறத்தின் பேசப்படாத வரலாறு



தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் துரையும் கிராணியும் கங்காணியும் வந்துவிடுகிறார்கள். பெரட்டுக் களமும் லயமும் ஆயாக் கொட்டகையும் வந்துவிடுகின்றன. ஆனால், நம் பாட்டன் பாட்டிமாரின் கால் புண்ணைக் கழுவிக் கட்டிய மனிதரைப் பற்றிப் பேசுவோர் அரிது. அவரைத் தோட்டத்து மக்கள் 'டிரெசர்' என்றார்கள். சற்று மரியாதையாக 'டிரெசர் ஐயா' என்றார்கள். ஆங்கிலேய மருத்துவமனைகளில் அறுவை மருத்துவருக்கு உதவியாக நின்று காயங்களுக்குக் கட்டுப் போடுபவருக்கு வழங்கிய பெயர்தான் அது. கட்டுப் போடுபவர் என்பதே சொல்லின் பொருள். பின்னாளில் அறுவை மருத்துவத்தையே மாற்றியமைத்த ஜோசப் லிஸ்டரும் தம் மாணவப் பருவத்தில் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் டிரெசராக இருந்தவரே. ஆகவே, நம் தோட்டத்து டிரெசரின் பெயர் இழிந்த பெயரன்று. நீண்ட மரபுடைய பெயர்.

பால்மரம் சீவுவோரின் உடம்பில் காயம் ஏற்படுவதற்கு என்னென்ன காரணங்கள் இருந்தன என்பதை இக்காலப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னால்தான் புரியும். விடியுமுன் இருட்டில் வேலை தொடங்கும். கையில் கூரிய உளி. காலில் செருப்பு இருக்காது. நிரைக்குள் முள்ளும் கட்டையும் உடைந்த மங்கும் கிடக்கும். ஈரக்காட்டில் அட்டை கடிக்கும். கடித்த இடம் அரிக்கும். சொறிந்த இடம் புண்ணாகும். சத்தான உணவு இல்லாத உடம்பில் சிறு கீறலும் சில நாளில் சீழ் பிடித்து விரிந்துவிடும். வெப்பமண்டலப் புண் என்று மருத்துவர்கள் தனிப்பெயரே வைத்தார்கள். பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் அது வரும். கவனிக்காமல் விட்டால் சதையைத் தின்று எலும்பைத் தொட்டுவிடும்.

தொழிலாளி படுத்துவிட்டால் பால் குறையும். தோட்ட மருத்துவமனைகள் எழுந்ததற்கு இரக்கம் மட்டும் காரணமன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டிலும் பின்னர் 1923ஆம் ஆண்டிலும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்தன. தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தருவது முதலாளியின் பொறுப்பு என்பது சட்டமாயிற்று. பெரிய தோட்டங்களில் கட்டில் போட்ட மருத்துவமனை இருந்தது; சிறிய தோட்டங்களில் ஓர் அறை. மருத்துவர் எப்போதாவது வந்து பார்ப்பார். அன்றாடம் இருந்தவர் டிரெசர். நாடு விடுதலை பெற்ற பிறகு 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதற்குள் அவர்களில் பலர் ஒரு தலைமுறைக் காலம் வேலை செய்து முடித்திருந்தார்கள்.

தோட்ட மருந்தகத்தின் மஞ்சள் மருந்தை எங்கள் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். சட்டையில் பட்டால் எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. அக்ரிஃப்லேவின் என்பது அதன் பெயர். முதல் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களின் காயங்களுக்காகப் புழக்கத்துக்கு வந்த கிருமிநாசினி வகையைச் சேர்ந்தது. பிள்ளைகள் அந்த நிறத்தைத்தான் மருந்து என்று நம்பினோம். உண்மையில் அந்த அறையில் நடந்த பெரிய மருத்துவம் வேறொன்று. மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் ஒரு நீள்சதுரப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருக்கும். அதனுள் இடுக்கி, கத்தரி, கிண்ணம். டிரெசர் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். இடுக்கியால்தான் பஞ்சை எடுப்பார். துடைத்த பஞ்சு மறுபடியும் கிண்ணத்துக்குள் போகாது. அவர் கோபக்காரர் என்று பிள்ளைகளுக்கு அச்சம். புண்ணில் காப்பித்தூளோ சுண்ணாம்போ புகையிலையோ அப்பிக்கொண்டு வருவோரைத் திட்டாமல் விடமாட்டார். அவற்றையெல்லாம் கழுவி எடுப்பதற்குள் நோயாளிக்கு உயிர் போய் உயிர் வரும். திட்டுக்கு நியாயமான காரணம் இருந்தது என்பது இப்போது விளங்குகிறது.

அந்தக் கொதிநீர்ப் பாத்திரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

1847இல் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் பணியாற்றினார். அங்கே மருத்துவர்களும் மாணவர்களும் பிணங்களை அறுத்து ஆராய்ந்துவிட்டு, அப்படியே வந்து பிள்ளைப்பேறு பார்த்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் அவருடைய பிரிவில் பிரசவித்த தாய்மாரில் 18 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் மாண்டனர். சுண்ணாம்பும் குளோரினும் கலந்த நீரில் கை கழுவிய பிறகே உள்ளே வரவேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். சில மாதங்களில் இறப்பு 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இத்தனை தெளிவான கணக்கைக் காட்டியும் பெரிய மருத்துவர்கள் ஏற்கவில்லை. தங்கள் கை அழுக்கு என்று ஒருவன் சொல்வதை எந்தப் பெரிய மனிதர்தாம் பொறுப்பார்? 1865 ஆகஸ்டு 13ஆம் நாள், மனநோய் விடுதி ஒன்றில், தம் உடம்பில் ஏற்பட்ட காயம் அழுகி நஞ்சேறிச் செம்மல்வைஸ் இறந்தார்.

அதற்கு முந்திய நாள்தான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த ஒரு சிறுவனை லிஸ்டரிடம் கொண்டுவந்தார்கள். பெயர் ஜேம்ஸ் கிரீன்லீஸ், வயது 11. நம் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவு என்றால் அந்நாளில் காலை வெட்டுவதே வழக்கம். லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் காயத்தை மூடினார். ஆறு வாரத்தில் புண் ஆறிச் சிறுவன் காலோடு வீடு திரும்பினான். 1867இல் லிஸ்டர் தம் முறையை எழுதி வெளியிட்டார்.

காயத்துக்குள் புகுந்த கிருமியை மருந்தால் கொல்வது லிஸ்டரின் வழி. அடுத்து வந்தவர்கள் ஒருபடி மேலே போனார்கள்: கிருமியை உள்ளே விடாமலே இருந்துவிட்டால் என்ன? துணியையும் கருவியையும் முன்கூட்டியே தூய்மை செய்துவிட்டால் புண்ணின்மேல் கடும் அமிலத்தை ஊற்ற வேண்டிய தேவை குறையும். 1879இல் பாஸ்டரின் உதவியாளர் சார்லஸ் சாம்பர்லாந்து அழுத்த நீராவிக் கலத்தை உருவாக்கினார். வெறும் கொதிநீர் பெரும்பாலான கிருமிகளைக் கொல்லுமே தவிர, இழுப்புநோயை உண்டாக்கும் கிருமியின் விதைகளை ஒழிக்காது. அதற்கு அழுத்தத்தில் 121 பாகை வெப்பநிலை நீராவி வேண்டும். தோட்டத்து டிரெசரிடம் பெரும்பாலும் கொதிநீர்ப் பாத்திரந்தான் இருந்தது. இருந்ததை வைத்துக்கொண்டு ஒழுங்காகச் செய்தார். அந்த ஒழுங்கே பல கால்களைக் காப்பாற்றியது.

ஒழுங்கு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் நம்மவர்கள் பட்டறிந்தார்கள். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சயாமிலிருந்து பர்மாவுக்கு இரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள், பெரும்பாலோர் தமிழர். பேராக் தோட்டங்களிலிருந்தும் போனார்கள். அதே பாதையில் ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளும் வேலை செய்தார்கள். பசி, காலரா, அடி உதை எல்லாம் இரு சாராருக்கும் உண்டு. மூங்கில் கீறிய சிறு காயம் சில நாளில் கால் முழுவதும் அழுகும் புண்ணாவதும் இரு சாராருக்கும் உண்டு.

ஆனால், போர்க்கைதிகளோடு அவர்களுடைய படை மருத்துவர்களும் மருத்துவ உதவியாளர்களும் இருந்தார்கள். மருந்து கையில் இல்லை. கட்டுத்துணியை அவிழ்த்துத் துவைத்துக் கொதிக்கவைத்து உலர்த்தி மீண்டும் மீண்டும் கட்டினார்கள். கரண்டியைக் கூர்தீட்டி அழுகிய சதையைச் சுரண்டி எடுத்தார்கள். ஆல்பர்ட் கோட்ஸ் என்னும் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் பர்மாப் பகுதியிலிருந்த 55 கிலோமீட்டர் முகாமில் நூற்றுக்கும் மேற்பட்ட கால்களை அகற்றி உயிர் காக்க முயன்றார். கழிவறை எங்கே, குடிநீரை எப்படிக் காய்ச்சுவது, உணவுத்தட்டை எதில் முக்குவது என்பதற்கெல்லாம் கட்டளை இருந்தது. நம் மக்களின் முகாம்களில் இவற்றைச் சொல்லவும் செய்விக்கவும் பெரும்பாலும் ஆளில்லை. போர்க்கைதிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இறந்தார். ஆசியத் தொழிலாளர் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்குச் சரியான ஏடு இல்லை. ஏறத்தாழ 90,000 என்பது பலரும் எடுத்துக்காட்டும் மதிப்பீடு. 1943இல்தான் சிங்கப்பூரிலிருந்த கைதிகளில் சிலரை மருத்துவக் குழுக்களாக்கித் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் காலராவும் புண்ணும் தங்கள் வேலையைப் பெருமளவு முடித்துவிட்டிருந்தன. சாவு எண்ணிக்கையின் வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல என்பது உண்மை. எனினும், கொதிக்கவைத்த துணியும் கழுவிய கையும் அவற்றில் சேரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதே 1943இல் ஈப்போவுக்கு அருகில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது.

சிபில் கார்த்திகேசு என்னும் பெயரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 1899 செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தவர். ஐரோப்பிய ஆசியக் கலப்பினக் குடும்பத்தவர். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். 1919இல் மருத்துவர் அப்டன் கிளமென்ட் கார்த்திகேசுவை மணந்தார். இவர் தைப்பிங்கில் பிறந்த இலங்கைத் தமிழர்; ஆறுமுகம் கணபதிப் பிள்ளை என்பது இயற்பெயர். கணவனும் மனைவியும் 1926 முதல் ஈப்போ புருவ்ஸ்டர் சாலை 141ஆம் எண் கட்டடத்தில் மருந்தகம் நடத்தினார்கள். அச்சாலை இன்று ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா. சிபில் அம்மையார் கண்டோனிய மொழியைச் சரளமாகப் பேசுவார். அதனால் சீனக் குடும்பங்களும் அவரை நம்பி வந்தன.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஈப்போவை நெருங்கியபோது குடும்பம் பாப்பான் என்னும் ஈயச் சுரங்கச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. ஈப்போவிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவு. பிரதான சாலை 74ஆம் எண் கடைவீடு அவர்களுடைய மருந்தகமாயிற்று. பகலில் ஊர் மக்கள் வந்தார்கள். இரவில் காட்டிலிருந்து மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் பின்வாசல் வழியாக வந்தார்கள். சிபில் அவர்களுடைய காயங்களைக் கழுவி மருந்திட்டுக் கட்டினார். மறைத்து வைத்த வானொலியில் இலண்டன் செய்தியும் கேட்டார். இரண்டுக்குமே தண்டனை மரணமாக இருக்கலாம் என்பதை அறிந்துதான் செய்தார்.

காட்டிலிருந்து வருபவனின் காயம் எப்படி இருந்திருக்கும் என்று ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சேறு, வியர்வை, பல நாள் அவிழ்க்காத துணி. வெளியே ஒற்றர்கள். மருந்து கிடைப்பதே அரிதான காலம். அவசரமாக ஒரு கட்டைப் போட்டு அனுப்பிவிட்டால் ஆபத்து குறையும். ஆனால் அழுக்கை உள்ளே வைத்துக் கட்டிய கட்டு புண்ணை ஆற்றாது. நல்ல கட்டுக்கு நேரம் வேண்டும், வெந்நீர் வேண்டும், விளக்கு வேண்டும். மூன்றும் அந்த வீட்டில் ஒவ்வோர் இரவும் அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடியவை. சிபிலின் துணிச்சலைப் பேசுவோர் வானொலியையே பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கோ அந்தப் பின்வாசல் அறைதான் பெரிதாகத் தோன்றுகிறது.

1943 ஆகஸ்டில் அவர் பிடிபட்டார். கணவரும் சிறைப்பட்டார். கெம்பெத்தாய் எனப்பட்ட ஜப்பானிய இராணுவக் காவல்படையினர் அவரை வதைத்த கொடுமைகளை இங்கே விரித்தெழுத மனம் வரவில்லை. சிறுமியான மகள் டோனைத் தாயின் கண்முன் கட்டித் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டினார்கள் என்பது ஒன்றே போதும். அப்போதும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பத்து காஜா சிறையில் கிடந்து 1945இல் போர் முடிந்தபின் வெளியே வந்தபோது அவரால் நடக்க இயலவில்லை. பிரிட்டனுக்குச் சிகிச்சைக்காக அனுப்பப்பட்டார். அங்கே மன்னர் ஆறாம் ஜார்ஜிடம் ஜார்ஜ் பதக்கம் பெற்றார்.

ஜப்பானியச் சப்பாத்து உதைத்துத் தாடையில் ஏற்பட்ட பழைய காயம் மட்டும் அவரை விடவில்லை. அதிலிருந்து இரத்தத்தில் நஞ்சேறி 1948 ஜூன் 12ஆம் நாள் ஸ்காட்லாந்தின் லானார்க் நகரில் காலமானார். லிஸ்டர் சிறுவன் கிரீன்லீசின் காலைக் காப்பாற்றிய கிளாஸ்கோவிலிருந்து லானார்க் அதிகத் தொலைவில் இல்லை. எத்தனையோ பேரின் காயத்தைத் தூய்மையாகக் கட்டியவருக்கு அவருடைய காயமே முடிவாயிற்று. 1949இல் அவருடைய உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய நினைவுக் குறிப்புகள் 1954இல் நூலாக வந்தன. ஈப்போவில் அவர் பெயரால் ஒரு சாலையும் உண்டு. அவ்வழியே நாள்தோறும் வண்டியோட்டிச் செல்லும் நம்மில் எத்தனை பேர் அந்தப் பெயர்ப் பலகையைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோம்?

கையுறையைப் பற்றியும் ஒரு சொல். அறுவை மருத்துவத்துக்கு ரப்பர்க் கையுறை வந்தது 1890ஐ ஒட்டி, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில். கிருமிநாசினி பட்டுப் பட்டுக் கை புண்ணான கரோலின் ஹாம்ப்டன் என்னும் தாதிக்காக மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் மெல்லிய கையுறைகளைச் செய்வித்தார். தொடக்கத்தில் அவை தாதியின் கையைக் காக்க வந்தவை. நோயாளியையும் காக்கும் என்பது பிறகே தெளிவாயிற்று. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1877இல், நம் பேராக்கின் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டிருந்தன. அந்த மரத்தின் பாலைச் சேர்க்கத்தான் நம் முன்னோர் கப்பலேறினார்கள். எயிட்ஸ் அச்சம் பரவிய 1980களில் உலகெங்கும் கையுறைத் தேவை பெருகி, மலேசியா அத்தொழிலில் முதலிடம் பெற்றது. பால் சீவிய நம் பாட்டிமாரின் வெறுங்கையும் வெறுங்காலும் இந்தக் கணக்கில் எங்கும் எழுதப்படவில்லை.

கையுறை அணிந்துவிட்டால் கை கழுவ வேண்டியதில்லை என்பது இன்று பரவலாக உள்ள தவறான எண்ணம். கழுவாத கையால் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கையுறை அழுக்காகிவிடுகிறது. அணிந்த கையால் கதவைத் திறந்து, கைப்பேசியை எடுத்து, பிறகு புண்ணைத் தொட்டால் அந்தக் கையுறை யாரைக் காக்கும்?

இதையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் முழங்கால் சிராய்ப்புக்காக மட்டும் எழுதவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் அடுக்குமாடிகளுக்கும் புறநகர்க் குடியிருப்புகளுக்கும் வந்துவிட்டார்கள். டிரெசர் உடன் வரவில்லை, நீரிழிவு வந்துவிட்டது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்டது. நம் மாணவர்களின் வீடுகளில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ஆறாத கால் புண் இருப்பதும், அதைப் பேரப்பிள்ளையோ மருமகளோ அவிழ்த்துக் கட்டுவதும் வியப்புக்குரிய செய்தியல்ல. காலை இழந்தோரும் நமக்குத் தெரிந்த குடும்பங்களில் இருக்கிறார்கள்.

ஆகவே அந்தப் பழைய ஒழுங்கை இங்கே எழுதி வைக்கிறேன். முதலில் மேசையைத் துடைத்து, தேவையான பொருள்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பாதியில் எழுந்து தேடினால் கை மறுபடியும் அழுக்காகிவிடும். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நுனி என எல்லா இடமும் படுமாறு கழுவி முடிக்க 40 முதல் 60 நொடி ஆகும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பழைய கட்டை அவிழ்த்துப் பையில் கட்டி எறிந்துவிட்டு, மறுபடியும் கை கழுவ வேண்டும். வீடுகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்த இரண்டாவது கழுவல்தான். துணி ஒட்டிக்கொண்டால் பிய்க்கக் கூடாது. உப்புநீரால் நனைத்து இளக்க வேண்டும். பிறகு தூய்மையான உறையைப் பிரித்து, புண்ணில் படப்போகும் பக்கத்தை விரலால் தொடாமல் ஓரத்தைப் பிடித்தே எடுக்க வேண்டும். ஒரு துணியால் ஒருமுறைதான் துடைக்க வேண்டும். எரிகிறது என்று பிள்ளை அழுதால் வாயால் ஊதும் வழக்கம் நம் தாய்மாருக்கு உண்டு. அன்புதான், ஆனால் வாயிலுள்ள கிருமி நேரே புண்ணுக்குப் போகும். கட்டி முடித்தபின் மூன்றாம் முறையும் கழுவ வேண்டும்.

நீரிழிவுக்காரரின் கால் புண், கெட்ட நாற்றம் வீசும் புண், சுற்றிலும் சிவந்து சூடேறும் புண் ஆகியவற்றை வீட்டில் வைத்துப் பார்க்காமல் அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கட்டுப் போடும் முறையை அங்குள்ள தாதியரிடம் நேரில் செய்துகாட்டச் சொல்லிக் கேட்கலாம். ஆசிரியர்கள் ஒருமுறை உங்கள் பள்ளியின் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பஞ்சு உறை பிரிந்து கிடக்கிறதா, காலாவதித் தேதி கடந்துவிட்டதா, பெட்டிக்கு அருகிலுள்ள குழாயடியில் சவர்க்காரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குறைந்தவற்றை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.